மீன் தொட்டியில் கடலடி மண்சரிவு: யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

வணக்கம். சேலத்தில் பதினொன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். போன வாரம் பிள்ளைகளை ஏற்காட்டுக்குக் கூட்டிப் போனேன். சேர்வராயன் மலையின் சார்னோகைட் பாறை ஏறக்குறைய 250 கோடி வருடம் பழையது என்றதும் ஒரு பையன் கேட்டான்: "அப்ப தேஞ்சு போன மலையெல்லாம் எங்க சார்?"

திருமணிமுத்தாறு வழியாகக் காவிரிக்கு, அங்கிருந்து கடலுக்கு என்று சொல்லிச் சமாளித்தேன். (அந்த ஆற்றில் இன்று மண்ணைவிடச் சாக்கடைதான் அதிகம், அது வேறு கதை.) ஆனால் தேய்ந்த மலை எங்கே போகிறது என்பதை முழுசாகக் காட்ட இமயமலைதான் நல்ல உதாரணம். சுமார் 5 கோடி வருடங்களுக்கு முன் பூமியின் மேலோட்டுத் தட்டுகள் மோதி அது எழத் தொடங்கியது. அதன் பாரத்தில் பக்கத்துத் தட்டு வளைந்து கங்கைச் சமவெளிப் பள்ளம் உண்டானது. இமயமலை தேய்ந்து வந்த வண்டலில் அந்தப் பள்ளத்தையும் தாண்டியது, வங்கக் கடலடியில் சுமார் 3,000 கி.மீ. நீளத்துக்கு விசிறிபோலப் பரந்து கிடக்கிறது.

அவ்வளவு தூரம் எப்படிப் போகிறது? சேறு கலந்த நீர் கனமானது, கடலடிச் சரிவில் பாய்ந்து ஓடும். 1929இல் நியூஃபவுண்ட்லாந்து அருகே நிலநடுக்கத்துக்குப் பின் இப்படி ஓடிய சேறு கடலடித் தந்திக் கம்பிகளை ஒவ்வொன்றாக அறுத்தது. ஓட்டம் தணிந்ததும் பருமணல் முதலில் படியும், நுண்சேறு மேலே.

இதைத்தான் தொட்டியில் காட்ட வேண்டும். என் முயற்சியில் தண்ணீர் முழுக்கக் கலங்கியதுதான் மிச்சம். சரிவு எவ்வளவு வைக்கலாம்? களிமண்ணா, சுண்ணாம்புத் தூளா? அப்புறம், இந்தச் சேற்று ஓட்டத்தை ஆங்கிலத்தில் சொல்லும் 'டர்பிடிட்டி கரண்ட்' என்பதற்குப் பிள்ளைகள் வாயில் நுழையும் தமிழ்ச் சொல் ஏதாவது? வியாழனுக்குள் சொன்னால் புண்ணியமாகப் போகும்.