முகத்துக்குப் பயற்றம்மா போதும் என்கிறேன், மறுப்பவர்கள் வரலாம்

கச்சான்காற்று (நிலாவெளி)

சவர்க்காரம், நிழல், வேண்டுமானால் கொஞ்சம் பயற்றம்மா. முகத்துக்கு இதற்கு மேல் எதுவும் தேவையில்லை என்பது என் கட்சி.

இதை இப்போது எழுதக் காரணம் என் மருமகள், அக்காவின் மகள். ஆவணியில் கல்யாணம். அவளுடைய மேசையில் காலையில் பூசுவது, வெளியே போகுமுன் பூசுவது, படுக்குமுன் பூசுவது என்று போத்தல்கள் வரிசை கட்டி நிற்கின்றன. அதில் பெயரே இல்லாத ஒரு வெள்ளைச் சிமிழும் உண்டு. எல்லாவற்றிலும் அதுதான் நன்றாக வேலை செய்கிறதாம். அவளுடைய அம்மம்மா கடைசி வரையில் பயற்றம்மாவையும் மஞ்சளையும் தவிர வேறெதையும் முகத்தில் வைத்ததில்லை. வெயிலைத் தடுக்கப் பூசும் சன்ஸ்கிறீன் என்பது எங்கள் கரையில் சிவந்துபோய்க் கிடக்கும் வெள்ளைக்காரருக்காகச் செய்தது. நமக்குத் தோலுக்குக் கறுப்பைக் கொடுக்கும் மெலனின் என்ற குடையைப் பிறக்கும்போதே கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். காசைக் கரியாக்காதீர்கள்.

மருந்துக்கடைப்பிள்ளை (என்.சி. வீதி)

அண்ணை, பாதி சரி, பாதி பிழை.

பயற்றம்மாவில் எனக்குப் பிணக்கு இல்லை. எண்ணெய் வடியும் முகத்துக்கு நல்லது, தேய்க்காமல் கழுவினால். மஞ்சள் பெரும்பாலானவர்களுக்குப் பொறுக்கும். சிலருக்கு ஒவ்வாமையாகி அரித்துத் தடிக்கும். ஆனால் மஞ்சளோடு தேசிப்புளி கலந்து பூசச் சொல்லும் வீடுகள் இருக்கின்றனவே, அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. தேசிக்காயில் உள்ள சில பொருட்கள் வெயில் பட்டதும் தோலைச் சுட்டுவிடும். முதலில் சிவப்பு, பிறகு கொப்புளம், பிறகு வாரக்கணக்கில், சிலவேளை மாதக்கணக்கில் நிற்கும் கறுப்பு. நிறம் வெளுக்கப் பூசியது நிறத்தைக் கறுக்க வைத்த கதை.

மெலனின் விடயத்துக்கு வருகிறேன். தோல் புற்றுநோய் நம்மவருக்குக் குறைவு என்பது உண்மை. ஆனால் கன்னத்தில் படரும் மங்கும், பரு ஆறிய இடத்தில் நின்றுவிடும் கரும்புள்ளியும் நம் நிறத்தவருக்குத்தான் அதிகம். இரண்டையும் வெயில் கூட்டும். சித்திரைப் புத்தாண்டை ஒட்டியும் ஆவணி நடுவிலும் சூரியன் திருகோணமலைக்கு நேர் உச்சியில் வருகிறது. இடைப்பட்ட மாதங்களிலும் அது அதிக தூரம் விலகிப் போவதில்லை. உங்கள் மருமகள் மணவறையில் இருக்கப்போவது அந்த இரண்டாவது உச்சியில்.

கச்சான்காற்று (நிலாவெளி)

கணக்குப் பார்ப்போமா? சன்ஸ்கிறீனை ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நீளமாகப் பிதுக்கினால்தான் முகத்துக்கும் கழுத்துக்கும் போதும் என்கிறார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திரும்பப் பூச வேண்டும் என்கிறார்கள். அப்படிப் பார்த்தால் 50 மில்லிலீட்டர் டியூப் ஒரு மாதம் தாங்காது. மீன் காய வைக்கும் பெண்களிடம் போய் இதைச் சொல்லிப் பாருங்கள், கருவாட்டாலேயே அடிப்பார்கள்.

இன்னொன்று. புறாமலைத் தீவுக்கு ஆட்களைப் படகில் ஏற்றிப் போகிறவன் நான். முகமெல்லாம் பூசிக்கொண்டு தண்ணீரில் இறங்குகிறார்கள். அது பவளப்பாறைக்கு ஆகாது என்று ஹவாயில் 2021 முதல் இரண்டு இரசாயனங்கள் கலந்த சன்ஸ்கிறீன் விற்பனையையே தடுத்துவிட்டார்கள். 2003இல் தேசியப் பூங்காவாக அறிவித்த புறாமலையில் நாம் என்ன செய்கிறோம்?

கிண்ணியா வான்காரன்

நான் விஞ்ஞானம் படித்தவன் அல்லன். ஆனால் கண்ணாடியில் பார்த்தால் என் வலது கன்னம் இடது கன்னத்தைவிடக் கறுப்பு, சுருக்கமும் அந்தப் பக்கம்தான் அதிகம். கொழும்புக்கும் இங்கேக்கும் வான் ஓட்டுகிறவன். வெயில் விழுவது வலது யன்னலால். நானும் அண்ணையைப் போலத்தான் எதையும் பூசியதில்லை. அப்படியானால் என் குடை ஒரு பக்கம் மட்டும் ஓட்டையா?

மருந்துக்கடைப்பிள்ளை (என்.சி. வீதி)

நானா, அமெரிக்காவில் 28 ஆண்டுகள் லொறி ஓட்டிய ஒருவருடைய படத்தை 2012இல் ஒரு மருத்துவ இதழ் வெளியிட்டது. அவருக்கு இடது பக்கம் மட்டும் தடித்துச் சுருங்கி, வயது கூடிய முகம். அங்கே ஸ்டியரிங் இடது பக்கம், அவ்வளவுதான் வித்தியாசம். புற ஊதாக் கதிரில் தோலைச் சுடும் வகையைக் கண்ணாடி தடுத்துவிடும். தோலை முதிர வைக்கும் வகை பக்க யன்னலால் தாராளமாக உள்ளே வரும். அதனால்தான் சுடுவது தெரியாமலே கறுக்கிறது.

அண்ணை, டியூப் கணக்கு சரியான கணக்கு. காசில்லாதவரிடம் நான் சன்ஸ்கிறீன் விற்பதில்லை. அகலத் தொப்பி, குடை, காலை பத்து மணிக்கு முன் வேலை, இவற்றைத்தான் சொல்கிறேன். மங்கு உள்ளவர்களுக்கு மட்டும் அது போதாது. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமே மங்கைக் கூட்டும் என்பதால், இரும்பு ஒக்சைட் கலந்த, தோல் நிறத்தில் வரும் வகையைப் பூசச் சொல்வேன். கடலில் இறங்குபவர்களுக்குச் சிங்க் ஒக்சைட் மட்டுமே உள்ள வகையைச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நீளக்கைச் சட்டையோடு இறக்குங்கள்.

தம்பலகாமம் டீச்சர்

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். மகனுக்கு ஓ.எல். பரீட்சை வருடம். நெற்றி முழுவதும் பரு. வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரும் ஒவ்வொரு மருந்து சொல்கிறார்கள்: பற்பசை வை, எண்ணெய்ப் பலகாரத்தை நிறுத்து, ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை முகம் கழுவு. பிள்ளை பாவம், எல்லாவற்றையும் செய்தான். தோல் உரிந்ததுதான் மிச்சம். பயற்றம்மாவும் போட்டாயிற்று, அண்ணை.

மருந்துக்கடைப்பிள்ளை (என்.சி. வீதி)

டீச்சர், பரு அழுக்கால் வருவதில்லை. மயிர்த்துளை அடைபடுகிறது, உள்ளே எண்ணெய் தேங்குகிறது, அதில் வாழும் பற்றீரியா பெருகுகிறது, வீங்குகிறது. தேய்த்துக் கழுவினால் வீக்கம் கூடும். காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை, வியர்த்தால் இன்னொரு தடவை. பற்பசை சுடும், அதைப் பல்லுக்கு விடுங்கள்.

ஒன்று கேட்கிறேன்: மகன் தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்து நெற்றி வரை வாரிவிடுகிறானா? பரு நெற்றியில் மட்டும் என்றால் முதலில் அதை நிறுத்திப் பாருங்கள்.

மருந்து என்றால், 2.5 வீத பெண்சொயில் பெரொக்சைட். 10 வீதம் வாங்காதீர்கள். குணம் ஏறக்குறைய ஒன்றுதான், எரிச்சல்தான் கூடுதல். இரவில் அடாபலீன், முகம் முழுவதற்கும் ஒரு பயற்றங்காய் விதையளவு. முதல் சில வாரம் முகம் இன்னும் மோசமாகத் தெரியலாம். இரண்டு மூன்று மாதம் விடாமல் போட்ட பிறகுதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். வலிக்கும் கட்டிகள் இருந்தாலோ குழி விழத் தொடங்கினாலோ காத்திருக்காமல் தோல் நிபுணரிடம் காட்டுங்கள்; அரசாங்க ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குக் காசு இல்லை.

பெரொக்சைட் துணியை வெளுக்கும். எங்கள் வீட்டில் தம்பி படுத்த நீலத் தலையணை உறையில் அவனுடைய கன்னம் பட்ட இடம் மட்டும் வட்டமாக வெள்ளை. பள்ளிச் சீருடை ஏற்கனவே வெள்ளையாக இருந்ததால் அது தப்பியது.

கச்சான்காற்று (நிலாவெளி)

மூன்று மாதம்! அதற்குள் பரு தானாகவே போய்விடுமே. எங்களுக்கெல்லாம் போகவில்லையா? என் தகப்பனார் எந்தத் தோல் வியாதிக்கும் கன்னியா வெந்நீர் ஏழு கிணற்றில் வாளியால் அள்ளி ஊற்று என்பார்.

மருந்துக்கடைப்பிள்ளை (என்.சி. வீதி)

பரு போகும், குழி போகாது. கன்னியாவுக்குப் போய்க் குளியுங்கள், சுகமாக இருக்கும். வறண்டு அரிக்கும் தோலுக்கு மட்டும் வெந்நீர் ஆகாது.

இனி சன்ஸ்கிறீனை ஓரமாக வைப்போம். அண்ணை, முதல் பதிவில் அந்த வெள்ளைச் சிமிழை ஒரு வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். மேசையில் உள்ள மற்ற எல்லாம் அதிகம் போனால் காசு நட்டம். அது அப்படியல்ல. எங்கே வாங்கியது? மருமகளின் முகம் எப்படி இருக்கிறது?

கச்சான்காற்று (நிலாவெளி)

பார்லர் ஒன்றில் வாங்கியதாம். கையால் கலந்து கொடுப்பார்களாம். பூசிய முதல் கிழமையிலேயே முகம் பளிச்சென்று ஆகிவிட்டது, அது உண்மை. இப்போது ஒரு நாள் பூசாவிட்டால் சிவந்து எரிகிறது என்கிறாள். கன்னத்தில் மெல்லிய சிவப்பு நூல் மாதிரிக் கோடுகள் தெரிகின்றன. பூனைமயிர் கூடியிருக்கிறது என்று அக்கா சொல்கிறார். கல்யாணப் பதற்றம் என்று நினைத்தோம்.

மருந்துக்கடைப்பிள்ளை (என்.சி. வீதி)

பதற்றத்தால் கன்னத்தில் இரத்தக்குழாய் தெரியாது. நீங்கள் சொன்ன நான்கும் ஸ்டீரொய்ட் கிறீமின் அடையாளங்கள். அது இரத்தக்குழாயைச் சுருக்கும், அதனால் தோல் உடனே வெளுத்துத் தெரியும். வீக்கத்தை அடக்கும், அதனால் பரு மறையும். பிறகு தோல் மெலிந்து, உள்ளே இருப்பது வெளியே தெரியத் தொடங்கும். நிறுத்தினால் எல்லாம் ஒன்றாகத் திரும்பி வரும். பயந்து மறுபடியும் பூசுவார்கள். அதனால்தான் அந்தச் சிமிழுக்கு வாடிக்கையாளர் குறைவதில்லை.

ஒப்பனைக்கூடம் (உப்புவெளி)

பார்லர் என்ற சொல்லைக் கண்டதும் வந்தேன். எல்லாப் பழியும் எங்கள் தலையில்தானா?

என் கடையில் லேபல் இல்லாத எதுவும் இல்லை. ஆனால் கேட்டு வருபவர்கள் யார் என்று யாராவது எழுதினீர்களா? ஒரு தாய் வருவார், மகள் பக்கத்தில் தலையைக் குனிந்தபடி நிற்பாள். நிச்சயதார்த்தப் படத்தைக் கைத்தொலைபேசியில் இரண்டு விரலால் பெருப்பித்து, மாப்பிள்ளையின் தங்கச்சி முகத்தையும் மகளின் முகத்தையும் மாறி மாறிக் காட்டி, "இந்த நிறத்துக்குக் கொண்டுவர எவ்வளவு?" என்பார். முடியாது என்றால் அடுத்த வீதிக்குப் போய்விடுவார். நான் இழப்பது கிறீம் காசை மட்டுமல்ல, மணப்பெண் அலங்காரம் முழுவதையும்.

மருந்துக்கடைப்பிள்ளைக்கு ஒரு கேள்வி. முகத்தில் ஏதோ வந்திருக்கிறது என்று பாமசிக்குப் போனால் என்ன தருகிறார்கள்? ஸ்டீரொய்ட், பங்கசு மருந்து, பற்றீரியா மருந்து மூன்றும் கலந்த டியூப். தேமலுக்கும் அதே, படர்தாமரைக்கும் அதே, பருவுக்கும் அதே. வைத்தியர் எழுதிய துண்டை யார் கேட்கிறார்கள்? எங்கள் சிமிழில் பெயர் இல்லை, உங்கள் டியூபில் பெயர் இருக்கிறது. உள்ளே இருப்பது ஒன்றுதானே, தங்கச்சி?

மருந்துக்கடைப்பிள்ளை (என்.சி. வீதி)

அக்கா, நடக்கிறது. மறுக்கமாட்டேன். படர்தாமரைக்கு அந்த டியூபைப் போட்டால் அரிப்பு நின்று, வட்டத்தின் விளிம்பும் அழிந்து, பங்கசு மட்டும் உள்ளே சுகமாகப் பரவும். பிறகு வைத்தியருக்கே அடையாளம் தெரியாது.

ஆனால் ஒன்றுதான் என்பதை ஏற்கமாட்டேன். டியூபில் பெட்டாமெத்தசோன் என்று ஸ்டீரொய்டின் பெயர் எழுதியிருந்தால் வைத்தியர் எதை நிறுத்துகிறோம் என்று தெரிந்து நிறுத்தலாம். சிமிழில் குளோபெட்டசோல் என்ற கடுமையான ஸ்டீரொய்ட் இருக்கலாம், நிறத்தை வெளுக்கும் ஹைட்ரோகுயினோன் இருக்கலாம், பாதரசம் இருக்கலாம். பாதரசம் தோலில் நிறம் உண்டாவதைத் தடுக்கும். பிறகு சிறுநீரகத்துக்குப் போகும். பூசுகிறவரோடு நிற்காது, துவாயிலும் தலையணையிலும் ஒட்டி வீட்டில் தவழும் குழந்தைக்கும் போகும். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையில் இலங்கையும் இருக்கிறது. 2025க்குப் பிறகு பாதரசம் சேர்த்த அழகுசாதனம் எதையும் செய்யவோ நாட்டுக்குள் கொண்டுவரவோ கூடாது என்று அதன் உறுப்பு நாடுகள் 2023இல் முடிவெடுத்தன. பெயரில்லாத சிமிழுக்குச் சுங்கத்தில் யார் கணக்குக் கேட்பது என்பது வேறு விடயம்.

அண்ணை, சிமிழின் அடியைத் திருப்பிப் பாருங்கள். ஏதாவது எழுதியிருக்கிறதா?

கச்சான்காற்று (நிலாவெளி)

இப்போதுதான் பார்த்தேன். சின்னத் துண்டுக் கடதாசி ஒட்டியிருக்கிறது. "இரவில் மட்டும். தங்க நகை, வெள்ளி நகை படக் கூடாது."

மருந்துக்கடைப்பிள்ளை (என்.சி. வீதி)

நகை படக் கூடாது என்று ஒரு கிறீமில் எழுதியிருந்தால், பாதரசத்தைச் சந்தேகிக்கச் சொல்லும் அடையாளங்களில் அது ஒன்று. பாதரசம் தங்கத்தோடு ஒட்டும். நகைக்கு ஆகாததைக் கன்னத்தில் பூசச் சொல்லியிருக்கிறார்கள்.

இன்றிரவு பூச வேண்டாம். சிமிழை எறியவும் வேண்டாம், எரிக்கவும் வேண்டாம்; பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி நாளைக்கே வைத்தியரிடம் கொண்டுபோங்கள். சிறுநீர்ப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். ஸ்டீரொய்டும் இருந்தால் முகம் கொதிக்கும், சிலவேளை மெதுவான வேறொன்றுக்கு மாற்றிப் படிப்படியாக நிறுத்துவார்கள். வீட்டில் மருந்து தேட வேண்டாம். பயற்றம்மாவும் இப்போது வேண்டாம். வெறும் தண்ணீரும் வாசலினும்.

கச்சான்காற்று (நிலாவெளி)

சரி. காலையில் நானே கூட்டிக்கொண்டு போகிறேன். அக்காவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. கல்யாணப் படத்தில் முகம் எப்படி விழும் என்றுதான் முதலில் கேட்பார். சன்ஸ்கிறீன் பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை, அதையும் எழுதி வைக்கிறேன்.

ஒப்பனைக்கூடம் (உப்புவெளி)

படத்தை என்னிடம் விடுங்கள், அண்ணை. சிவப்பை மறைக்கப் பச்சைச் சாயல் கொடுக்கலாம். ஆனால் வைத்தியர் சரி என்று சொன்ன பிறகுதான் அவளுடைய முகத்தில் தூரிகை வைப்பேன். அலங்காரக் காசு வேண்டாம்.

தங்கச்சி, நீங்களும் நாளை கடை திறந்ததும் அந்த மூன்று மருந்து டியூபை முன் தட்டிலிருந்து எடுத்து உள்ளே வையுங்கள். வைத்தியர் எழுதிய துண்டு இல்லாமல் வருபவர் என் வாடிக்கையாளராக இருந்தாலும் கொடுக்காதீர்கள். என்னைத் திட்டிக்கொண்டு வருவார்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்.