நானு ஓயாக் குளிரில் பைபர் காயவில்லை. செவன் மாதிரி கார் கட்டிய யாராவது உதவுங்க

தகரக்கொட்டகை:
எல்லாருக்கும் வணக்கம். நானு ஓயாப் பக்கம் ஒரு தோட்டத்து பெக்டரியில மெஷின் பகுதியில வேலை செய்றேன். ரெண்டு வருஷமா வீட்டுக்குப் பின்னால தகரக் கொட்டகை போட்டு, லோட்டஸ் செவன் மாதிரி ஒரு கார் கட்டிட்டு வர்றேன். கொலின் சாப்மன் 1957ல கொண்டுவந்த அந்தச் சின்னத் திறந்த கார்.

எனக்கு ஏழு வயசு இருக்கும்போது, ஏப்ரல் சீசன்ல அப்பா மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டிக்குக் கூட்டிட்டுப் போனார். 1934ல தொடங்கின போட்டின்னு வழியெல்லாம் சொல்லிக்கிட்டே வந்தார். கதவே இல்லாத ஒரு கார் எங்களைத் தாண்டி வளைவுல ஏறினப்போ, ஓட்டினவரோட முழங்கை வெளியில தெரிஞ்சது. அந்த முழங்கைக்காகத்தான் இவ்வளவும்.

செஸி 25 மில்லிமீட்டர் பாக்ஸ் பார், தடிப்பு 1.6. வெல்டிங் முழுக்க நானே. கழிச்சுப் போட்ட டொயோட்டா கொரோலா டிஎக்ஸ் வேகன்ல இருந்து 4கே என்ஜின், கியர்பொக்ஸ், பின் அக்ஸில் எடுத்தேன். பக்கத் தகடெல்லாம் அலுமினியம், பலகையில வச்சு மடிச்சாச்சு. முன்னால வர்ற மூக்கும் நாலு மட்கார்டும் மட்டும் பைபர், அதாவது கண்ணாடி நார்ப் பாயில ரெசின்ங்கிற பசையை ஊற வச்சு இறுக விடுறது.

அந்த மூக்குதான் மூணு வாரமாக் காயலை. விரல் வச்சா ஒட்டுது. ரெசினை இறுக வைக்கிற ஹார்ட்னர் கூடினா சூடேறி வெடிச்சிடும்னு கடையில சொன்னதால ஒரு கிலோ ரெசினுக்கு 5 மில்லிதான் விட்டேன். பெக்டரியில தேயிலை காய வைக்கிற டிரையர் பக்கம் நல்ல சூடு. ஒரு ராத்திரி அங்க வச்சு எடுக்கலாமா?

இன்னொண்ணு, முன்பக்கத்துக்கு டிஎக்ஸோட ஸ்ட்ரட்டையே (ஸ்பிரிங்கும் ஷொக்கும் சேர்ந்த நெட்டைத் தூண்) வெட்டிக் குட்டையாக்கிப் போட முடியுமா?

கம்பளை கராஜ்:
பைபர் எனக்குத் தெரியாது, மத்தவங்க சொல்வாங்க. நான் கேட்கிறது வேற. வேகனோட பொடி, அதாவது வெளிக்கூடு, எங்க? அந்தக் காருக்குத் தனிச் செஸி கிடையாது, செஸி நம்பர் பொடியிலயே அடிச்சிருக்கும். பொடியைப் பழைய இரும்புக்குப் போட்டுட்டா பதிவுப் புத்தகத்துல இருக்கிற நம்பருக்கு உங்க கையில வண்டியே இல்லை. எதையும் வெட்டாம, படம் வரைஞ்சு எடுத்துக்கிட்டு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துல நேர்ல கேளுங்க. எழுத்துல பதில் வாங்குங்க.

அப்புத்தளை பிட்டர்:
தம்பி, டிரையர் பக்கம் கொண்டுபோகவே கூடாது. உங்களுக்கே தெரியும், தேயிலை பக்கத்துல இருக்கிற எந்த வாசத்தையும் இழுத்துக்கும். ரெசின்ல இருந்து வர்ற ஸ்டைரீன் நெடி ஒரு இன்வொய்ஸ்ல, அதாவது விக்கப் போற ஒரு தொகுதித் தேயிலையில, ஏறினா கொழும்புல டேஸ்ட் பண்றவர் ஒரே வாய்ல பிடிச்சிடுவார். முப்பத்தொரு வருஷம் பெக்டரியில இருந்தவன் சொல்றேன், உங்க வேலைக்கு ஆபத்து.

இப்ப மூக்குக்கு வருவோம். ஒட்டுறதெல்லாம் காயாததுன்னு இல்லை. மெழுகு கலக்காத ரெசின், காத்து படுற பக்கம் லேசா ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கும். அசிட்டோன் துணியால துடைச்சிட்டு நகத்தால அழுத்திப் பாருங்க. உள்ள கெட்டியா இருந்தா பிரச்சினையே இல்லை. நகம் இறங்கினா வேகலைன்னு அர்த்தம். நீங்க விட்ட அளவைப் பார்த்தா வேகாமத்தான் இருக்கும். 5 மில்லின்னா அரை சதவீதம். ஒரு சதவீதத்துக்குக் கீழ போனா எத்தனை மாசம் வச்சாலும் முழுசா இறுகாது. நுவரெலியா 1868 மீட்டர், நீங்களும் அதுக்குப் பெரிசாக் கீழ இல்லை. தை மாசத்துக் குளிருக்குக் கிலோவுக்கு 20 மில்லி வரைக்கும் விடலாம், ஆனா அரைக் கிலோ அரைக் கிலோவாக் கலக்குங்க. கடைக்காரர் சொன்ன சூடு, வாளி நிறையக் கலக்கினாத்தான் வரும்.

கொட்டகை 15 பாகைக்குக் கீழ இருந்தா வேலையைத் தொடாதீங்க, 20 இருந்தா நல்லது. மூடுபனி இறங்கின நேரத்துல பைபர் பாயைப் பிரிக்காதீங்க. ஈரம் குடிச்ச பாய்ல ரெசின் ஊறாது, வெள்ளை வெள்ளையா நிக்கும். மூக்கு வார்க்கிற அச்சுமேல தார்ப்பாயால கூடாரம் போட்டு, ரெசின்ல எதுவும் படாம ரெண்டு 100 வாட் குண்டு பல்பு தொங்க விடுங்க. கரி அடுப்பு, மண்ணெண்ணெய் அடுப்பு கிட்டயே வரக் கூடாது, அந்த நெடி தீப்பிடிக்கும். ரெசின் சீக்கிரம் இறுகச் சேர்க்கிற கோபால்ட் தனியா வாங்கியிருந்தா முதல்ல அதை ரெசின்ல நல்லாக் கலக்கிட்டு அப்புறம்தான் ஹார்ட்னர். ரெண்டையும் நேராச் சேர்த்தா வெடிக்கும். கண்ணாடி போடாம ஹார்ட்னர் போத்தலைத் திறக்காதீங்க, ஒரு துளி கண்ணுக்குள்ள போனாப் பார்வையே போகலாம்.

மூக்கு பிழையாப் போனா இன்னொண்ணு செய்யலாம். எனக்குக் கவலை உங்க ரெண்டாவது கேள்விதான்.

ஸ்ட்ரட்டை வெட்டாதீங்க. அதோட தலை உயரத்துல போய்த் தொங்கணும், செவனோட பொனட் தாழ்வு, அங்க பிடிமானமே இல்லை. மேலயும் கீழயும் விஷ்போன்ங்கிற கவைக் கை வேணும், நடுவுல சில்லைப் பிடிச்சுத் திருப்புற நக்கிள் வேணும். 1960ல வந்த ரெண்டாவது சீரிஸ் செவன்லயே டிரயம்ப் ஹெரால்டோட நக்கிள்தான். கிடைச்சா அதைப் போடுங்க. ஆனா கீழ இருக்கிற டிரனியனுக்கு, அதாவது நக்கிள் மரையில திரும்புற மூட்டுக்கு, கிரீஸ் அடிக்காதீங்க, 90 கியர் ஒயில்தான். கிரீஸ் அடிச்சு அடிச்சு மரை துருப்பிடிச்ச ஒரு ஹெரால்ட், வெலிமடைப் பாதையில என் கண் முன்னால முன் சில்லு மடிஞ்சு உட்கார்ந்தது. நல்லவேளை மண்மேட்டுப் பக்கம்.

பிரேக்குக்கு, மிதியை லேசாக்குற டிஎக்ஸ் பூஸ்டரைத் திணிக்கப் பார்க்காதீங்க. 500 கிலோ அளவு வண்டிக்கு அது தேவையில்லை, மிதி அழுத்தும்போது ஒயிலைத் தள்ளுற மாஸ்டர் சிலிண்டர், துளை சின்னதா இருந்தாப் போதும். மிதி கொஞ்சம் ஆழமாப் போகும், அழுத்தம் கூடும். டொட் 4 பிரேக் ஒயில் ஊத்தி வருஷா வருஷம் மாத்துங்க. புதுசுல 230 பாகையில கொதிக்கிற ஒயில், ஈரம் குடிச்சதும் 155ல கொதிக்கும். றம்பொடை இறக்கத்துல அது கொதிச்சா மிதி தரையைத் தொடும்.

தகரக்கொட்டகை:
அண்ணே, கோடி நன்றி. நகம் இறங்கிச்சு. சுரண்டி எறிஞ்சிட்டு, பல்புக் கூடாரத்துக்குள்ள 2 சதவீதம் விட்டுப் புதுசாப் போட்டேன். காலையில சுண்டிப் பார்த்தா மரப்பலகை மாதிரி சத்தம். அம்மாவைக் கூப்பிட்டுச் சுண்டச் சொன்னேன்.

கம்பளை அண்ணே, வேகன் பொடி முழுசாத் தார்ப்பாய்க்குள்ள இருக்கு. வித்துடலாம்னு இருந்தேன், இனித் தொடமாட்டேன்.

அக்குறணையில ஒருத்தர்கிட்ட ஹெரால்ட் நக்கிள் ஒரு ஜோடி இருக்காம். எதைப் பார்த்து வாங்கணும்?

அப்புத்தளை பிட்டர்:
டிரனியனைக் கழட்டிக் காட்டச் சொல்லுங்க, மாட்டேன்னா வாங்காதீங்க. மரையை மண்ணெண்ணெயில கழுவி வெயில்ல பிடிச்சுப் பாருங்க. மரை முடியிற இடத்துல குழி விழுந்த துருவோ, மயிர் மாதிரி கோடோ இருந்தா இலவசமாத் தந்தாலும் வேண்டாம். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது, இடது வலது சரியான ஜோடியான்னும் பாருங்க. வாங்கிட்டு வந்து படம் போடுங்க.