செந்தோசா ஓஷனேரியம்: ஆறு பேர் குடும்பத்துக்கு எங்கே மிச்சம் பிடிக்கலாம்?

கேட்டவர்: பொள்ளாச்சிக்காரன்

வணக்கம். மே மாதம் ஐந்து நாள் சிங்கப்பூர் வருகிறோம். நான், மனைவி, அப்பா (67), அம்மா (61), மகள் (9), மகன் (3 வயது 8 மாதம்). தங்குவது லிட்டில் இந்தியாவில். பிள்ளைகளுக்காக மீன் காட்சியகம் ஒன்று கட்டாயம் பார்க்க வேண்டும். டிராவல் ஏஜென்ட் கொடுத்த திட்டத்தில் எஸ்.இ.ஏ. அக்வேரியம், யுனிவர்சல் ஸ்டூடியோஸ் இரண்டும் ஒரே நாளில், போக வர வேன், மதியச் சாப்பாடு என்று மொத்தமாக ஒரு தொகை போட்டிருக்கிறார். ஆறு பேருக்குப் பெருக்கிப் பார்த்தால் தாங்கவில்லை. நாமே ஏற்பாடு செய்துகொண்டால் எதெதில் குறையும்? அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு, அப்பா சைவம்.

பதில் 1: தேக்காவாசி

முதலில் அந்தத் திட்டம் எப்போது போட்டது என்று ஏஜென்டைக் கேளுங்கள். எஸ்.இ.ஏ. அக்வேரியம் 2025 ஏப்ரல் கடைசியோடு மூடியாயிற்று. அதை மூன்று மடங்கு பெரிதாக்கி, 2025 ஜூலையில் சிங்கப்பூர் ஓஷனேரியம் என்ற பெயரில் திறந்தார்கள். இப்போது 22 பகுதிகள். பழைய பயணக் குறிப்புகளை நம்பிக் கணக்குப் போட்டால் விலையும் தப்பும், நேரமும் தப்பும். முன்பு இரண்டு மணி நேரத்தில் முடிந்த இடம், இப்போது பிள்ளைகளோடு போனால் நான்கு மணி நேரம் பிடிக்கும். அதனால்தான் யுனிவர்சலையும் இதையும் ஒரே நாளில் திணிக்காதீர்கள் என்கிறேன். இரண்டுக்கும் முழுக் காசு கொடுத்துவிட்டு இரண்டையும் அரைகுறையாகப் பார்ப்பதுதான் இருப்பதிலேயே பெரிய விரயம்.

டிக்கெட். வெளிநாட்டுப் பயணிகளுக்குப் பெரியவர் டிக்கெட் ஒன்று 50 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) குறையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளைப் பொறுத்து விலை மாறும், கூட்ட நாளில் கூடுதல். குழந்தைக் கட்டணம் 4 முதல் 12 வயது வரை, மூத்தோர் கட்டணம் 60 முதல். ஆகவே உங்களுக்கு வேண்டியது பெரியவர் 2, மூத்தோர் 2, குழந்தை 1. மகனுக்கு டிக்கெட்டே வேண்டாம், நுழையும் அன்று நான்கு நிறையாமல் இருந்தால் போதும். ஏஜென்ட் 'பெரியவர் 4, குழந்தை 2' என்று போட்டிருக்க வாய்ப்பு அதிகம், பார்த்துக்கொள்ளுங்கள். நுழைவாயிலில் வயதுக்குச் சான்று கேட்பார்கள். பெற்றோர், மகன் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள்.

நாள். இங்கே பள்ளி விடுமுறை மார்ச்சில் ஒரு வாரம், ஜூனில் நான்கு வாரம், செப்டம்பரில் ஒரு வாரம், நவம்பர் பாதியிலிருந்து டிசம்பர் முடிய. நம் ஊர்க் கோடை விடுமுறை மே மாதத்தில் வருவது உங்களுக்கு நல்ல வசதி, ஏனென்றால் அப்போது சிங்கப்பூர்ப் பிள்ளைகள் பள்ளியில் இருப்பார்கள். மே 1, விசாக தினம், சனி, ஞாயிறு இவற்றைத் தவிர்த்து, செவ்வாய் அல்லது புதனன்று காலையில் திறக்கும்போதே உள்ளே போய்விடுங்கள். அதிகாரபூர்வத் தளத்தின் நாட்காட்டியில் தேதியை மாற்றி மாற்றித் தட்டினாலே விலை வித்தியாசம் தெரிந்துவிடும்.

போக்குவரத்து. வேன் வேண்டவே வேண்டாம். லிட்டில் இந்தியாவில் ஊதா வழித்தட ரயில் ஏறினால் ஐந்தாவது நிறுத்தம் ஹார்பர்ஃபிரண்ட், அதுதான் கடைசி நிலையமும். ரயில் மாறவே வேண்டாம். நிலையத்திலிருந்து விவோசிட்டி கடைத்தொகுதிக்குள்ளேயே ஏறிவிடலாம். அங்கிருந்து ஓஷனேரியம் இருக்கும் செந்தோசா தீவுக்கு மூன்று வழி. மூன்றாம் மாடியில் செந்தோசா எக்ஸ்பிரஸ் ரயில், ஆளுக்கு 4 வெள்ளி. கீழே கடலோரமாகப் போகும் நடைபாலத்தில் நடந்தால் காசு கிடையாது. 123 எண் பேருந்து என்றால் சாதாரணப் பேருந்துக் கட்டணம்.

பலருக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். எக்ஸ்பிரஸ் ரயிலுக்குத் தீவுக்குள் போகும்போது மட்டும்தான் காசு. தீவுக்குள் சுற்றவும், திரும்பி விவோசிட்டி வரவும் இலவசம். எனவே போகும்போது நடந்து போங்கள், களைத்துத் திரும்பும்போது ஓஷனேரியம் பக்கத்திலுள்ள ரிசார்ட்ஸ் வேர்ல்ட் நிலையத்தில் ரயில் ஏறுங்கள். ஆளுக்கு 4 வெள்ளி அப்படியே மிச்சம்.

பதில் 2: கணக்குப்பிள்ளை

தேக்காவாசி சொன்னதெல்லாம் சரி. நான் பணம் கட்டும் விஷயத்தை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் தள்ளுபடியில் கிடைத்ததை இங்கேதான் தொலைக்கிறார்கள்.

இந்திய கிரெடிட் கார்டில் வெள்ளியில் செலவழித்தால் வங்கி பெரும்பாலும் 2 முதல் 3.5 விழுக்காடு வரை மார்க்-அப் (வெளிநாட்டுப் பணத்தில் செலவழிப்பதற்கான கூடுதல் கட்டணம்) எடுக்கும். அந்த மார்க்-அப் மீது 18 விழுக்காடு ஜிஎஸ்டி. 200 வெள்ளிக்கு 3.5 என்றால் 7 வெள்ளி, வரியோடு 8.26. முன்பதிவுத் தளங்கள் 'ஐந்து விழுக்காடு தள்ளுபடி' என்று காட்டுவதில் பெரும்பகுதி இதிலேயே போய்விடும். மார்க்-அப் இல்லாத கார்டு ஒன்று இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். இல்லையென்றால் அதிகாரபூர்வத் தளத்தின் வெள்ளி விலையில் மார்க்-அப்பைக் கூட்டி, ரூபாயில் விலை காட்டும் தளத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து வாங்குங்கள். கடையில் கார்டு தேய்க்கும்போது 'ரூபாயில் கட்டுகிறீர்களா, வெள்ளியிலா?' என்று இயந்திரம் கேட்கும். வெள்ளியைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ரூபாயை அழுத்தினால் அவர்கள் வைக்கும் மாற்று விகிதம் உங்கள் வங்கியினுடையதைவிட மோசமாக இருக்கும்.

கிளம்புமுன் வங்கிச் செயலியில் இன்டர்நேஷனல் ட்ரான்ஸாக்ஷனை ஆன் செய்து, 'டேப் அண்ட் பே'யையும் ஆன் செய்துவிடுங்கள். இதை மறந்துவிட்டு ரயில் நிலையக் கதவில் சிவப்பு விளக்கு எரிந்த பிறகு தடுமாறுகிறவர்கள் நிறைய.

எம்ஆர்டிக்கு (நகர ரயில்) விசா, மாஸ்டர்கார்டு எதுவானாலும் நேரே தட்டிப் போகலாம், ரூபே செல்லாது. ஒரு கார்டை இரண்டு பேர் தட்ட முடியாது, ஆளுக்கு ஒன்று வேண்டும். கணவன் தட்டி உள்ளே போய், கதவுக்கு மேலாக அதே கார்டை மனைவிக்கு நீட்டினால் வேலைக்காகாது. வெளிநாட்டு வங்கிக் கார்டு என்றால் பயன்படுத்தும் ஒவ்வொரு நாளுக்கும் 60 காசு கூடுதல் கட்டணம். ரயிலுக்கும் பேருந்துக்கும் பணம் ஏற்றித் தட்டும் ஈஸி-லிங்க் அட்டை வாங்கினால் அட்டை விலை 5 வெள்ளி, அது திரும்ப வராது. ஐந்து நாளுக்கு 60 காசு வீதம் 3 வெள்ளிதான், அதனால் கார்டு இருக்கிறவர்கள் கார்டையே தட்டட்டும். அப்பா, அம்மா, மகள் மூவருக்கு மட்டும் ஈஸி-லிங்க் போதும். மகன் உயரம் 90 சென்டிமீட்டருக்குள் இருந்தால் இலவசம். அந்த வயதுக்குச் சற்றுத் தாண்டியிருப்பான் என்று நினைக்கிறேன், வீட்டிலேயே சுவரோரம் நிறுத்தி அளந்துவிடுங்கள். தாண்டியிருந்தால் ஏழு வயதுக்குட்பட்டோருக்கான இலவசச் சலுகை அட்டையை நிலைய டிக்கெட் அலுவலகத்தில் பாஸ்போர்ட் காட்டி வாங்கலாம்.

இன்னொன்று. உள்ளூர்வாசிகளுக்குத் தனி விலை உண்டு, குறைவு. உங்கள் சொந்தக்காரர் சிங்கப்பூரில் இருந்தால் அவர் டிக்கெட்டுக்கு மட்டும்தான் அது பொருந்தும். அவர் பெயரில் உங்களுக்கும் வாங்கினால் வாசலில் அடையாள அட்டை கேட்டு நிறுத்துவார்கள், கட்டிய பணமும் போய்ச்சேரும். டெலிகிராமிலும் முகநூலிலும் 'பாதி விலை டிக்கெட்' என்று வருவதைத் தொடவே தொடாதீர்கள்.

பதில் 3: மண்டாய்மலர்

வேறு ஒரு வழியும் சொல்லட்டுமா? கடல் மீன்தான் வேண்டும் என்று பிள்ளைகள் பிடிவாதம் பிடிக்கவில்லையென்றால் விலங்குத் தோட்டம் இருக்கும் மண்டாய் பகுதியில் உள்ள ரிவர் வொண்டர்ஸைப் பாருங்கள். நன்னீர் உயிரினங்கள்: மேக்கோங் ராட்சதக் கெளுத்தி, பெரிய நன்னீர்த் திருக்கை, அமேசான் வெள்ளக் காட்டில் நீந்தும் கடற்பசுக்கள். கூடவே பாண்டாவும் உண்டு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடற்பசு கோசுக்கீரையை இரண்டு துடுப்புக் கையாலும் வாய்க்குள் தள்ளித் தள்ளித் தின்பதைப் பார்க்க ஆரம்பித்தால் பிள்ளைகள் நகர மாட்டார்கள். ஸ்பிரிங்லீஃப் நிலையத்தில் இறங்கி 138 பேருந்து பிடித்தால் சாதாரணக் கட்டணத்திலேயே போய்விடலாம். விலங்குத் தோட்டமும் பார்க்கப் போகிறீர்கள் என்றால் மண்டாயின் இணைப்பு டிக்கெட்டில் இரண்டும் சேர்த்துக் குறையும்.

பதில் 4: தேக்காவாசி

மலர் சொன்னது நல்ல இடம்தான், மறுக்கவில்லை. ஆனால் மண்டாயில் குழந்தைக் கட்டணம் 3 வயதிலேயே தொடங்கிவிடும். மூன்றே முக்கால் வயதுப் பையனுக்கு ஓஷனேரியத்தில் இலவசம், மண்டாயில் டிக்கெட். அதோடு லிட்டில் இந்தியாவிலிருந்து பயணமும் நீளம். விலங்குத் தோட்டம் திட்டத்தில் இருந்தால் மட்டும் அந்தக் கணக்கு ஒத்துவரும்.

கேட்டவர்: பொள்ளாச்சிக்காரன்

மிக்க நன்றி எல்லோருக்கும். ஏஜென்டின் தாளில் பெரியவர் 4, குழந்தை 2 என்றேதான் இருக்கிறது! விலங்குத் தோட்டம் திட்டத்தில் இல்லை, அதனால் ஓஷனேரியமே. இரண்டு சந்தேகம். அம்மா அந்த நடைபாலத்தில் நடக்க முடியுமா? சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

பதில் 5: தேக்காவாசி

நடைபாலம் பத்துப் பதினைந்து நிமிட நடை. சமதளம், கூரை உண்டு, இடையிடையே நகரும் நடைமேடையும் இருக்கிறது. ஆனால் அம்மாவின் நடை ஓஷனேரியத்துக்குள்தான் அதிகம் செலவாகப் போகிறது, அதை வெளியே கரைக்க வேண்டாம். அம்மாவையும் அப்பாவையும் ஹார்பர்ஃபிரண்டிலிருந்து 123-இல் அனுப்புங்கள், ரிசார்ட்ஸ் வேர்ல்ட் நிறுத்தத்தில் இறங்க வேண்டும். கூட யாராவது ஒருவர் போங்கள். மற்றவர்கள் நடக்கட்டும்.

உள்ளே போனதும் எல்லாப் பகுதியையும் ஓட்டமாக முடிக்காதீர்கள். 36 மீட்டர் அகலம், 8.3 மீட்டர் உயரத்தில் ஒரு பெரிய கண்ணாடிச் சுவர் வரும். அதன் பின்னால் இருப்பது 1 கோடியே 80 லட்சம் லிட்டர் தண்ணீர். அம்மாவை அங்கே உட்காரவைத்துவிட்டு மற்றவர்கள் சுற்றி வரலாம். மான்டா திருக்கை கண்ணாடிக்கு மிக அருகே வந்து மல்லாந்து திரும்பும்போது வெள்ளை வயிறும், அதிலுள்ள செவுள் கீற்றுகளும், வாயின் இரு பக்கமும் சுருண்டிருக்கும் மடல்கள் விரிவதும் தெளிவாகத் தெரியும். இதைப் பார்க்கத் தனிக் கட்டணச் சுற்று எதுவும் வேண்டாம், அரை மணி நேரம் பொறுமையாக இருந்தால் போதும். ஏசி குளிர் அதிகம், பெரியவர்களுக்குச் சால்வை எடுத்துக்கொள்ளுங்கள். நுழைவில் நிறுத்திப் படம் எடுப்பார்கள், முடிவில் அதை விலைக்கு நீட்டுவார்கள். வேண்டாம் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டு நடங்கள். வெளியே வரும் வழியில் பொம்மைக் கடை இருக்கும். மகளிடம் 'இவ்வளவுதான்' என்று ஒரு தொகையைக் காலையிலேயே பேசி வைத்துவிடுங்கள், அங்கே போய்ப் பேசினால் நடக்காது.

சாப்பாடு. காலையில் லிட்டில் இந்தியாவிலேயே உள்ள தேக்கா உணவங்காடியில் இட்லி, தோசை சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். மதியத்துக்கு எலுமிச்சைச் சாதம், தயிர்ச் சாதம் பொட்டலம் கட்டிக்கொள்ளலாம். ஓஷனேரியத்துக்குள் பிரிக்க முடியாது, ரயிலில் தின்றால் அபராதம். அதனால் பார்த்து முடித்து விவோசிட்டிக்குத் திரும்பி, மூன்றாம் மாடி மொட்டைமாடித் திடலில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். அங்கே கணுக்கால் ஆழத் தண்ணீர்க் குளம் உண்டு, மகனுக்கு ஒரு மாற்று உடை வைத்துக்கொள்ளுங்கள். பொட்டலம் தோதுப்படாவிட்டால் ஹார்பர்ஃபிரண்ட் பக்கத்திலேயே சியா இம் உணவங்காடி நிலையம் இருக்கிறது. உணவகம் எதிலாவது விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால் 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் அதன் மேல் 9 விழுக்காடு ஜிஎஸ்டியும் சேரும் என்று அர்த்தம். 20 வெள்ளிச் சாப்பாடு 23.98 ஆகும். உணவங்காடியில் அந்தச் சேவைக் கட்டணம் கிடையாது. சாப்பிட்ட தட்டை மட்டும் நீங்களே எடுத்துப்போய் வைக்க வேண்டும், அது இங்கே சட்டம்.

குழாய்த் தண்ணீரைத் தயங்காமல் குடிக்கலாம். ஆளுக்கு ஒரு பாட்டில் கொண்டுவந்தால் நாள் முழுக்கத் தண்ணீருக்கு ஒரு காசு ஆகாது.

பதில் 6: மண்டாய்மலர்

அம்மா களைக்காமல் இருந்தால் ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டை அங்கேயே வெளியில் எங்காவது முடித்துக்கொண்டு, மாலையில் ரிசார்ட்ஸ் வேர்ல்டிலிருந்து கடற்கரைப் பக்கம் போகும் சென்சரிஸ்கேப் நடைவழியில் மெதுவாக இறங்குங்கள். 350 மீட்டர்தான், கட்டணம் இல்லை, இருட்டியதும் விளக்கு அலங்காரம் போடுவார்கள். முடிவில் பீச் நிலையம், அங்கே ரயில் ஏறினால் அதே இலவசப் பயணத்தில் விவோசிட்டி வந்துவிடலாம். மே மாதத்தில் பிற்பகல் இடிமழை சகஜம், இரண்டு குடையாவது பையில் இருக்கட்டும். அங்கே வாங்கினால் விலை அதிகம்.

கேட்டவர்: பொள்ளாச்சிக்காரன்

மகனை அளந்துவிட்டேன், 98 சென்டிமீட்டர். சலுகை அட்டைதான் எடுக்க வேண்டும். புதன்கிழமைக்கு டிக்கெட் போடுகிறேன்.