ஷின்ஜுகுவில் பன்றி சேராத ராமென் எங்கே?

நண்பர்களே, அடுத்த வாரம் அப்பா டோக்கியோ வருகிறார். பன்றி இறைச்சி தொடமாட்டார். ஆனால் கவுண்டரில் உட்கார்ந்து ராமென் (ஜப்பானிய நூடுல்ஸ் சூப்) சாப்பிட வேண்டும் என்று ஒரே பிடிவாதம்.

இரண்டு வாரமாக மதிய இடைவேளையில் ஷின்ஜுகு மேற்கு வாசல் பக்கம் மூன்று கடை ஏறி இறங்கிவிட்டேன். முதல் கடையில் மெஷினில் ஷோயு (சோயா சாஸ்) ராமெனுக்குச் சீட்டு எடுத்து, ‘சாஷு நுகி’ என்றேன். மேலே வைக்கும் இறைச்சித் துண்டு போனது, சூப் என்னவோ பன்றி எலும்பில் கொதித்ததுதான். அடுத்தது தோரி பைதான், கெட்டியான கோழி சூப். ருசி அபாரம்! சாப்பிட்டு முடித்துக் கேட்டால், மேலே ஊற்றும் எண்ணெய் பன்றிக்கொழுப்பாம். மூன்றாவதில் முதுகுக்குப் பின்னால் வரிசை நின்றதால் வாயே திறக்கவில்லை.

டோக்கியோ ஸ்டேஷனுக்குள் இருக்கும் டீஸ் டான்டான் கடை முழுச் சைவம், தெரியும். அப்பாவுக்குக் கோழிதான் வேண்டுமாம்.

ஷின்ஜுகுவில் நடக்கும் தூரத்தில் சூப், எண்ணெய், தாரே (சூப்புக்குச் சுவை சேர்க்கும் சாஸ்) மூன்றிலும் பன்றி சேராத கோழி ராமென் கடை எது?