விந்தணு நன்றாக ஓடுகிறது, சினை மட்டும் நிற்கவில்லை

எங்கள் பொலிகுதிரை தரோபிரெட் இனம், பந்தயத்தில் ஜெயித்தவன். முதல் பருவத்தில் 12 பெட்டைகளோடு சேர்த்தோம். ஒவ்வொன்றுக்கும் 15ஆம் நாள் ஸ்கேன். ஒவ்வொரு முறையும் கருப்பை வெறுமை. விந்துப் பரிசோதனையிலோ எண்ணிக்கை, அசைவு, வடிவம் எல்லாமே அருமை என்றார்கள். அப்புறம் என்ன, பழி பெட்டைகள் மேல் விழுந்தது. கருப்பையைக் கழுவினோம், ஹார்மோன் ஊசி போட்டோம். அந்த வாயில்லா ஜீவன்களை எவ்வளவு பாடுபடுத்தினோம் என்று நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

இரண்டாம் பருவமும் வீணான பிறகு, புதிதாக வந்த டாக்டர் பிடரி மயிரை வேரோடு பிடுங்கி மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பச் சொன்னார். 13ஆம் குரோமோசோமில் இருக்கும் எஃப்கேபிபி6 மரபணுவில் இரண்டு இடங்களில் எழுத்து மாறியிருந்தது. தாய்வழிப் பிரதி, தந்தைவழிப் பிரதி இரண்டிலுமே. தரோபிரெட் குதிரைகளில் இதற்கும் கருத்தரிக்கும் திறன் குறைவுக்கும் உள்ள தொடர்பு 2012இல் வெளியான ஆய்வில்தான் தெரியவந்தது என்றார். விந்தணுவின் தலையில் அக்ரோசோம் என்று ஒரு தொப்பி உண்டு. முட்டையை நெருங்கும்போது அது திறந்து நொதிகளைக் கொட்டினால்தான் முட்டையின் உறையைத் துளைக்க முடியும். இவனுக்கு அது சரியாகத் திறப்பதில்லை. வழக்கமான மைக்ரோஸ்கோப் சோதனையில் இது தெரியவே தெரியாது. அபூர்வமாகச் சினை பிடிக்கும். மூன்று பருவத்தில் பிறந்தது ஒரே ஒரு ஆண்குட்டி.

*

படிக்கும்போதே நெஞ்சு கனத்தது அண்ணா. 1990களில் தொடர்ந்து 16 பந்தயங்கள் வென்ற அமெரிக்கக் குதிரை சிகார், பொலிக்கு விட்டபோது ஒரு குட்டிகூடத் தரவில்லை. அதன் காரணம் வேறாக இருக்கலாம். ஆனால் ஓட்டத்தைப் பார்த்தே பொலிக்குத் தேர்ந்தெடுக்கிறோம். இனப்பெருக்கத் திறனைப் பலரும் முன்கூட்டிப் பார்ப்பதில்லை. இது மாறியே ஆக வேண்டும்.

*

எங்களுக்கு நேர்ந்தது இன்னொரு விதம். சினை பிடிக்கும், சில வாரத்தில் கலைந்துவிடும். அதே பெட்டைகளை வேறு குதிரையிடம் விட்டால் சினை நின்றது. கடைசியில் ஆண் குதிரையின் ரத்தத்தை எடுத்துக் குரோமோசோம்களைப் பார்த்தார்கள். ஒன்றின் துண்டு உடைந்து இன்னொன்றோடு ஒட்டியிருந்தது. அவன் உடம்பில் மொத்த மரபணுச் சரக்கும் சரியாக இருப்பதால் ஆரோக்கியத்துக்குக் குறைவில்லை. விந்தணுவுக்குப் பிரித்துக் கொடுக்கும்போதுதான் சிலதில் கூடுதல், சிலதில் குறைச்சல். இதற்கு மயிர் போதாது, உயிருள்ள செல் வேண்டும் என்பதால் ரத்தம் கெடுவதற்குள் ஆய்வகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். முதல் தடவை தாமதமாகி, மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று.

*

அண்ணா, பிறந்த ஆண்குட்டியைப் பொலிக்கு வைக்கப் போகிறீர்களா?

*

இன்னும் முடிவு செய்யவில்லை தம்பி. அப்பனிடம் இரண்டு பிரதியும் அப்படி என்பதால், குட்டிக்கு ஒன்று கட்டாயம் வந்திருக்கும். மற்றது தாயைப் பொறுத்தது. போன வாரம்தான் தாய், குட்டி இரண்டின் மயிரையும் அனுப்பினேன்.