ஷிப்ட் வேலையோடு டி.என்.பி.எஸ்.சி. (தமிழ்நாடு அரசு வேலைக்கான) குரூப் 4 தேர்வுப் படிப்பு: நேரத்தை எப்படிப் பிரிக்கிறது?

ஒரகடம்_ஷிப்ட்
உதிரிபாகக் கம்பெனியில் வேலை. வாரம் ஒரு ஷிப்ட்: ஏ காலை 6–2, பி மதியம் 2–10, சி இரவு 10–6. கம்பெனி பஸ்ஸில் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். எந்த டைம்டேபிள் போட்டாலும் ஷிப்ட் மாறுற அன்னைக்கே குலைஞ்சிடுது, அதோட ஆர்வமும் போயிடுது. வேலையை விட வழியில்லை. அனுபவமுள்ளவங்க சொல்லுங்க.

விடியல்
அதிகாலை 4 மணிக்கு எழுந்து படிங்க சகோ. மூளை ஃப்ரெஷ்ஷா இருக்கும்.

மீள்பார்வை
@விடியல், ஏ ஷிப்ட்டுக்கு 5 மணிக்கு பஸ். 4 மணிக்கு எழுந்தா பல் தேய்க்கத்தான் நேரம் சரியா இருக்கும்!

நண்பா, ஒரே டைம்டேபிளை மூணு ஷிப்டுக்கும் இழுக்காதீங்க. ஷிப்டுக்கு ஏத்த மாதிரி பாடத்தை மாத்துங்க.

பி வாரம்தான் தங்கம். 12 மணிக்குப் படுத்து 7 மணிக்கு எழுந்தா, 8 முதல் 11 வரை முழுசா மூணு மணி நேரம் கிடைக்கும். புதுப் பாடம், புரியாத கணக்கு எல்லாம் அந்த வாரத்துக்கு ஒதுக்குங்க. ஏ வாரம் வீடு திரும்பினதும் 30 நிமிஷத்துக்கு அலாரம் வச்சுத் தூங்குங்க. அதுக்கு மேல போனா 6 மணிக்குத் தலைவலியோடதான் எழுந்திருப்பீங்க. 5–7 பழைய பாடம் திருப்புதல், 9-க்குள்ள படுக்கை. சி வாரம் புதுசா எதையும் தொடாதீங்க. காலைல வந்ததும் "ஒரு மணி நேரம் படிச்சிட்டுத் தூங்கலாம்"னு உட்கார்றதுதான் பெரிய தப்பு; படிச்சதும் நிக்காது, தூக்கமும் கெடும். 8 மணிக்கு ஜன்னலை இருட்டாக்கிப் படுங்க, சாயங்காலம் 5–6.30 பழைய வினாத்தாள் மட்டும். ஷிப்ட்ல கடைசி டீ ராத்திரி 2 மணிக்குள்ள முடியணும்.

பஸ்ஸில் ஃபோனைப் பார்த்துப் படிச்சா குமட்டும். முந்தின நாள் படிச்சதை உங்க குரல்லயே பத்து நிமிஷம் பதிவு பண்ணிக் கேளுங்க.

கணக்குப்புலி
நேரம் குறைவா இருக்கிறவங்க மார்க் எங்கே இருக்குன்னு பார்க்கணும். 200 கேள்வி, 300 மார்க். கேள்வியில் தமிழ் 100, பொது அறிவு 75, திறனறிவு 25; ஒரு கேள்விக்கு ஒன்றரை மார்க். தமிழ்ப் பகுதியில் 40 சதவீதம், அதாவது 150-க்கு 60 வரலைன்னா மீதி விடையைத் திருத்தவே மாட்டாங்க. அதனால பாதி நேரம் தமிழுக்கு. பாடநூல் கழகத்தோட 6 முதல் 10-ஆம் வகுப்பு வரையிலான புத்தகம் இணையத்தில் இலவசம். டெலிகிராமில் பி.டி.எஃப் சேர்த்து வைக்கிறதை இன்னைக்கே நிறுத்துங்க. அது படிச்ச திருப்தியைக் கொடுக்கும், மார்க் கொடுக்காது.

கணக்கு எந்த ஷிப்டா இருந்தாலும் தினம் பத்து. தனிவட்டி, சதவீதம், விகிதம், காலமும் வேலையும், மீப்பெரு பொது வகுத்தி, மீச்சிறு பொது மடங்கு. தப்பானதை மட்டும் தனி நோட்டில் எழுதி, மூணாம் நாளும் பத்தாம் நாளும் விடையை மறைச்சு மறுபடி போடுங்க.

ஒரகடம்_ஷிப்ட்
நன்றி அண்ணா. ஓவர்டைம் விழுற நாள்ல என்ன செய்யுறது? ஒரு நாள் விட்டா ஒரு வாரமே போயிடுது.

மீள்பார்வை
அந்த நாளுக்குன்னு ஒரு குறைந்தபட்சம் வச்சுக்கோங்க: ஐந்து கணக்கு, ஒரு குறள், பொருளோட. பதினைந்து நிமிஷம்தான். விட்டுப்போன பாடத்தை மறுநாள் தலையில ஏத்தாதீங்க, பாக்கி சேர்ந்தா அதைப் பார்த்தே நோட்டைத் திறக்கப் பயமா இருக்கும். வாரத்தில் ஐந்து நாள் பாடத்துக்குத்தான் திட்டம் போடணும். ஆறாவது நாள் பாக்கிக்கு.

கணக்குப்புலி
வார லீவ்ல காலை 9.30 முதல் 12.30 வரை மாதிரித் தேர்வு எழுதுங்க, ஓ.எம்.ஆர். தாளில், கறுப்புப் பால்பாயிண்ட் பேனாவால். கேள்விக்கு 54 விநாடிதான். வட்டம் நிரப்புறதையும் அதுக்குள்ளேயே முடிக்கணும். மைனஸ் மார்க் கிடையாது, தெரியாததுக்கும் யோசிச்சு ஒண்ணை நிரப்புங்க. சி ஷிப்ட் முடிச்ச காலையில் மட்டும் எழுதாதீங்க, வர்ற மார்க்கைப் பார்த்து மனசு விட்டுப்போகும். தேர்வு தேதி அறிவிச்ச உடனே சூப்பர்வைசர்கிட்ட பேசி, தேர்வுக்கு முந்தின வாரம் சி ஷிப்ட் வராம யார்கூடயாவது மாத்திக்கோங்க. கடைசி நேரத்தில் கேட்டா, அதே தேர்வு எழுதுற இன்னும் பத்துப் பேர் கேட்டிருப்பாங்க.