டெல்லி எல்.கே.ஜி. வகுப்பில் இலையுதிர்காலம்: கைவேலை செய்து பார்த்தவங்க சொல்லுங்க

மயூர் விஹார் மிஸ்:
அக்டோபர் தீம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். சுவர்ல குளிர்நாட்டு மேப்பிள் மரத்தோட ஆரஞ்சு இலை, மேஜையில அச்செடுக்க இலையும் கிரேயானும். ஒரு குழந்தை சுவரைப் பார்த்து, "மேம், இந்த மரம் நம்ம கிரவுண்ட்ல எங்க இருக்கு?"ன்னு கேட்டது. ஜன்னலுக்கு வெளியே வேம்பு பச்சைப் பசேல்னு நின்னுச்சு. அந்தக் கேள்வி இன்னும் மனசை விட்டுப் போகல.

இலை அச்சு மட்டும் நல்லா வந்தது. நரம்பு புடைச்சிருக்கிற அடிப்பக்கம் மேலே பார்க்க இலையை வெச்சு, அது மேல தாளைப் போடணும். கிரேயானோட காகித உறையை உரிச்சுட்டு, படுக்க வெச்சுத் தேய்க்கணும். முனையால தேய்ச்சா கோடுதான் விழும், நரம்பு வராது. ஜெராக்ஸ் பேப்பர் போதும். டிராயிங் ஷீட் தடிமன், அதுல எதுவும் தெரியாது. இலையையும் தாளையும் மேஜையோட மாஸ்கிங் டேப் போட்டு ஒட்டலேன்னா நாலு வயசுக் கை இழுக்கிற இழுப்புல அச்சு ரெட்டையா விழும். சருகு நொறுங்கிடும். அரச இலை முதல் தரம். வேப்பிலை ரொம்பச் சின்னது, பிடிக்கவே முடியல.

துவாரகா:
மேப்பிளை விடுங்க. அக்டோபர்னா இங்கே பவழமல்லி, ஹிந்தியில ஹர்சிங்கார். விடியும்போதே உதிர்ந்து கிடக்கும். ஏழு மணிக்குள்ள பொறுக்கி, ஈரத்துணி விரிச்ச எவர்சில்வர் டப்பாவில போடணும். பிளாஸ்டிக் பையில கட்டினா வேர்த்துப் பழுப்பாயிடும், ஒன்பது மணிக்கு வகுப்புல திறந்தா கஞ்சி மாதிரி இருக்கும்.

வெள்ளை இதழை ஒரு தட்டுல, ஆரஞ்சுக் காம்பை இன்னொரு தட்டுல பிரிக்கிறதுதான் குழந்தைங்க வேலை. விரல் நுனிக்கு இதை விட நல்ல பயிற்சி எனக்குத் தெரியல. இருபது பேர் பேச்சே இல்லாம கால் மணி நேரம் உட்கார்ந்தாங்க. ஒருத்தன் விரலைத் தூக்கிக் காட்டி, "மஞ்சள் பூசின மாதிரி இருக்கு"ன்னான். அதுக்கப்புறம் எல்லாக் கையும் மேலே.

அந்தக் காம்புல துணிக்குச் சாயம் எடுக்கலாம். ரெண்டு பிடி காம்புக்கு அரை லிட்டர் தண்ணி, ஒரு டீஸ்பூன் படிகாரப் பொடி, பதினஞ்சு நிமிஷம் சின்னத் தீயில. அடுப்பு வேலை சமையலறையில ஆயாவோடது. வகுப்புக்கு ஆறின சாயம் மட்டும்தான் வரணும். துணி பழைய பருத்தி வேட்டியா இருந்தா நல்லது. புதுத்துணியில கஞ்சி இருக்கும், அலசாம முக்கினா திட்டுத்திட்டாப் பிடிக்கும். வெயில்ல காயப் போட்டா நிறம் போயிடும்.

ஆர்.கே.புரம் தாத்தா:
மயூர் விஹார் மேடம், அந்தக் குழந்தை கேட்டது சரியான கேள்வி. நீங்க அரச இலையைப் பறிச்சுக் கொடுத்தது அதுக்குப் பதில் ஆகாது. டெல்லியில வேம்பு இலை கொட்டுறது பிப்ரவரி கடைசி, மார்ச்சில. அரசும் ஏறக்குறைய அப்போதான். இலை உதிரும் பாடத்தை மார்ச்சுக்குத் தள்ளுங்க, மூட்டை மூட்டையாச் சருகு கிடைக்கும்.

அக்டோபர்ல கண்ணுக்குத் தெரியற மாற்றம் நிழல். ஒரு மீட்டர் குச்சியைத் தொட்டி மண்ணுல செங்குத்தா நட்டு, வாரம் ஒரு நாள் மதியம் 12.15 வாக்கில நிழல் நுனியில சாக்பீஸ் கோடு போடுங்க. செப்டம்பர் 23 வாக்கில சுமார் 55 செ.மீ. டிசம்பர் 21 வாக்கில சுமார் 128 செ.மீ., அதாவது குச்சியை விட நிழல் நீளம். சூரியன் தெற்கே தாழ்ந்துகிட்டே போகுதுன்னு வாயால சொல்ல வேண்டாம், பிள்ளைங்களே காலடி வெச்சு அளந்துடுவாங்க. கெடுக்கிறது ரெண்டு விஷயம். குச்சி சாய்ஞ்சா அளவு பொய். தொட்டியை யாராவது நகர்த்தினாலும் பொய், அதனால தொட்டியைச் சுத்தியும் தரையில வட்டம் போட்டு வைங்க. நவம்பர்ல காத்து மோசமாகிச் சின்ன வகுப்புக்கு ஆன்லைன்னு சொல்லிட்டாங்கன்னா, பால்கனியில அரை மீட்டர் ஸ்கேலை வெச்சுத் தொடரலாம்.

கரோல்பாக்:
தாத்தா சொல்றது சரிதான். ஆனா நாலு வயசுக்கு வாரம் ஒரு கோடு நினைவுல நிக்குமா? போன வாரக் கோட்டையே மறந்துடுவாங்க. அதே இடத்துல ஒரு குழந்தையைப் படுக்க வெச்சு நிழலோட ஒப்பிட்டாத்தான் பிடிபடும்.

எங்க வகுப்புல பரங்கிக்காய். மூணு கிலோ காயைத் தண்ணித் தொட்டியில போடறதுக்கு முன்னாடி கை தூக்கச் சொன்னோம். எல்லாரும் முழுகும்னாங்க. உள்ளே காத்து நிறைஞ்ச கூடு இருக்கிறதால மிதந்தது. வகுப்பே கத்துச்சு. அந்தச் சத்தத்துக்குத்தான் இதை எழுதறேன்.

லட்சுமி நகர், மழலையர் பள்ளி:
யாரும் கேக்கல, இருந்தாலும் சொல்லியே ஆகணும். மேல ஒருத்தரும் ஆபத்தைப் பத்திப் பேசல.

"இலை, விதை பொறுக்கிட்டு வா"ன்னு வீட்டுக்குச் சொல்லி அனுப்பாதீங்க. பார்க்கிலயும் ரோட்டு நடுவுலயும் நிக்கிறது அரளி. இலை, பூ, காய் எல்லாம் விஷம். பொன்னரளிக் கொட்டை அதை விடப் பார்க்க அழகு, குழந்தை அதைத்தான் முதல்ல எடுக்கும். ஆமணக்கு விதை, குன்றிமணி ரெண்டையும் வகுப்புக்குள்ள விடவே கூடாது. மழை விட்ட பிறகு காலி மனையில பூத்து நிக்கிற பார்த்தீனியம் சில தோலுக்குத் தடிப்பு வரவழைக்கும். இலை கிள்ளினா பால் வடியற மரம் எதுவா இருந்தாலும் வேண்டாம். அந்தக் கையாலயே கண்ணைக் கசக்குவாங்க. பெரியவங்க முன்னாடியே நடந்து பார்த்து, நாலு மரத்தை மட்டும் ரிப்பன் கட்டிக் குறிச்சு, அங்கே மட்டும் பொறுக்க விடுங்க.

விதை பிரிக்கிற விளையாட்டுக்கு ராஜ்மா, கொண்டைக்கடலை வைக்கிறாங்க. மூக்குல போயிட்டா ஈரத்துல ஊதிக்கும். வீட்டுல இடுக்கி வெச்சு எடுக்கப் பார்த்தா இன்னும் உள்ளே தள்ளிடும், தண்ணி விட்டாலும் பெருக்கும். நேரா டாக்டர்கிட்டதான். அதுக்குப் பதில் முழு மாதுளை, முழு வால்நட், எலுமிச்சை வைங்க.

உப்பு மாவுல இலை பதிக்கிறவங்களுக்கு: 2 கப் மைதா, 1 கப் பொடி உப்பு, முக்கால் கப் தண்ணி கொஞ்சம் கொஞ்சமா. கல்லுப்பு போட்டா மாவோட மேல்பக்கம் கிழியும். அரை செ.மீ. கனத்துக்குத் தேய்ச்சு, இலையைப் பூரிக்கட்டையால ஒரே ஒரு தடவை அழுத்துங்க. நேர் வெயில்ல வெச்சா மேல்பக்கம் முதல்ல சுருங்கி வெடிக்கும். நிழல்ல, ஃபேனுக்கு அடியில, தினம் ஒரு தடவை திருப்பி, நாலு நாள். விரல்ல காயம் இருக்கிற குழந்தைக்கு எரியும், முதல்லயே எல்லாக் கையையும் பாருங்க. மாவை வாயில வைக்காம ஒருத்தர் பக்கத்துலயே நிக்கணும்.

மயூர் விஹார் மிஸ்:
தாத்தா, பறிக்கல. காத்துல விழுந்த அரச இலைதான், ஆறே ஆறு. துவாரகா, காம்பைப் பிரிச்சதுக்கப்புறம் வெள்ளை இதழை என்ன பண்ணீங்க? எங்க கேட்டுக்குப் பக்கத்துல ஒரு பவழமல்லி இருக்கு, திங்கட்கிழமை பொறுக்கப் போறோம்.

துவாரகா:
இதழைக் கறுப்புச் சார்ட்டுல மைதாப் பசை தொட்டு ஒட்ட விட்டோம். ஃபெவிகால் வேண்டாம், இதழ் ஊறிக் கண்ணாடி மாதிரி ஆயிடும். மறுநாள் எல்லாம் பழுப்பாத்தான் மாறும். சார்ட்டைக் கழட்டாதீங்க. மேப்பிள் இருந்த இடத்துலயே மாட்டுங்க, வந்து தொட்டுத் தொட்டுப் பார்ப்பாங்க.